பயணத்திலிருந்து விலகிய தோழிக்கு எவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும்?

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து 25 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கல்லூரியில் உடன் படித்த தோழிகள் ஆறு பேர் சேர்ந்து, மே மாதத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு மைசூரு, பெங்களூரு, ஐதராபாத், விசாகப்பட்டினம் என நான்கு நகரங்களைச் சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொறுப்பாக இவரே முன்னின்றிருக்கிறார். ஆளுக்கு 13,000 ரூபாய் வீதம் அனைவரும் இவருடைய கணக்குக்கு ஜிபேயில் அனுப்ப, ரயில் டிக்கெட்டுகளையும் விடுதி அறைகளையும் இவரே பதிவு செய்திருக்கிறார். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது ஒரு தோழிக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் விரும்பவில்லை என்று சொல்லி அவர் விலகிக்கொண்டார். கொடுத்த பணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் கேட்கிறார். மற்ற நால்வரோ, தானாக விலகியவளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். இதற்கிடையில் அந்தத் தோழியின் அண்ணன் தொலைபேசியில் அழைத்து, ஒரு வாரத்தில் பணம் வராவிட்டால் “420 கேஸ்” கொடுப்பேன் என்று மிரட்டியிருக்கிறார். தம் வீட்டில் இன்னும் இதைச் சொல்லவில்லை என்றும், சில நாட்களாகத் தூக்கமே இல்லை என்றும் வாசகி எழுதுகிறார்.

தம் மீது மோசடி வழக்கு வருமா, எவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும், விலகிய தோழியின் டிக்கெட்டில் தம் சித்தி மகளை அழைத்துச் செல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றையும் குறிப்பிட்டிருக்கிறார். மைசூருக்கும் பெங்களூருக்கும் போவதற்குத் தெரிந்தவர் ஒருவரிடம் நாளுக்கு 2,500 ரூபாய் வாடகைக்கு ஓன் போர்டு கார், அதாவது சொந்த உபயோகத்துக்கெனப் பதிவான கார், பேசியிருக்கிறார்கள். தோழிகளில் ஒருவரே அதை ஓட்டப் போகிறார். வழியில் யாராவது கேட்டால் மாமா வண்டி என்று சொல்லிவிடுங்கள் என்று உரிமையாளர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். “அதில் ஒன்றும் பிரச்சினை இல்லையே?” என்று கேட்கிறார் வாசகி.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது முழு உண்மை என்றால் நீங்கள் மோசடி எதுவும் செய்யவில்லை. ஆனால், ஒரே வரியில் கடந்து சென்றீர்களே, அந்தக் காரைப் பற்றித்தான் நான் உண்மையாகக் கவலைப்படுகிறேன். பணத் தகராறை ஒரு கணக்குத் தாளால் முடித்துவிடலாம். கார் விஷயத்தில் தவறு நேர்ந்தால் அது உங்கள் ஐந்து பேரையும் பல ஆண்டுகளுக்கு நீதிமன்ற வாசலில் நிறுத்தக்கூடும்.

மோசடி என்பது எது?

மக்கள் இன்றும் 420 என்றே சொல்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 420ஆம் பிரிவு இப்போது 318(4) ஆகியிருக்கிறது. எண் மாறினாலும் குற்றத்தின் அடிப்படை மாறவில்லை. பணத்தை வாங்கும் நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வாங்கிய பணத்தில் சொன்னபடியே டிக்கெட்டும் அறையும் பதிவு செய்து, அந்த விவரங்களை உடனுக்குடன் வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒருவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று சொல்ல இடமே இல்லை. கொடுக்கல் வாங்கலில் வரும் கருத்து வேறுபாடு உரிமையியல் விவகாரம் என்றும், பணத்தை வசூலிக்கும் கருவியாகக் குற்றவியல் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

இருந்தாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. டிக்கெட்டை ரத்து செய்தால் வரும் பணம் பதிவு செய்த உங்கள் கணக்குக்குத்தான் வரும். அது உங்கள் பணம் அன்று. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாலோ, உங்கள் மற்ற தோழிகள் சொல்வதைப் போலக் “குழுச் செலவுக்கு” என்று எடுத்துக்கொண்டாலோ, அப்போதுதான் 316ஆம் பிரிவின் நம்பிக்கை மோசடி என்ற புகாருக்கு நீங்களே ஒரு நிறம் கொடுத்தவர் ஆவீர்கள். ஒரு ரூபாயும் தரக் கூடாது என்ற யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தாலும் பதற வேண்டாம். புகார் கொடுத்தவருக்கு, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து இரு தரப்பையும் அழைத்துப் பேசுவது நம் ஊர் நிலையங்களில் வழக்கம்; சி.எஸ்.ஆர். என்பது வழக்குப் பதிவு ஆகாது. சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணைத் தாம் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் மீதே குற்றச்சாட்டு என்றால், எழுத்து மூலமான அறிவிப்பைக் கேட்டுப் பெறுங்கள். தனியாகப் போகாமல் வழக்கறிஞருடன் போங்கள். பெண் என்ற ஒரே காரணத்தால், வருமான வரம்பு எதுவும் இல்லாமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தொலைபேசி எண் 15100. இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன்: இதை இன்றே உங்கள் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது அவர்கள் முதன்முறையாகக் கேள்விப்படும்படி விட வேண்டாம்.

எவ்வளவு திருப்பித் தர வேண்டும்?

உங்கள் தோழி முழுத் தொகையும் வேண்டும் என்கிறார், மற்றவர்கள் எதுவும் இல்லை என்கிறார்கள். இரண்டுமே சரியல்ல. நட்புக்குள் நடந்தது, எழுதிக் கையெழுத்துப் போடவில்லை, அதனால் சட்டம் இதில் நுழையாது என்று நீங்கள் நினைப்பதும் சரியல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர்களைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஐந்து பேர் சொல்லி, அவர்கள் பணத்தில், அவர்களுக்காக டிக்கெட் வாங்கிய நீங்கள் அந்தச் சட்டத்தின் பார்வையில் அவர்களுடைய முகவர். நீங்கள் கூலியோ கமிஷனோ வாங்கவில்லை என்பதால் இந்த நிலை மாறாது. முகவராவதற்குப் பிரதிபலன் எதுவும் தேவையில்லை என்று 185ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

இந்த நிலை உங்களுக்குப் பாதுகாப்பையும் தருகிறது, கடமையையும் சுமத்துகிறது. முகவரிடம் ஒப்படைத்த பொறுப்பில் ஒரு பகுதி நிறைவேறிய பிறகு, நிறைவேறிய அந்தப் பகுதியைப் பொறுத்தவரை ஒப்படைத்தவர் பின்வாங்க முடியாது என்பது 204ஆம் பிரிவு. முறையாகச் செய்த செலவை, கையில் இருக்கும் பணத்திலிருந்து முகவர் பிடித்துக்கொள்ளலாம் என்பது 217ஆம் பிரிவு. ஆகவே, அவர் விலகுவதற்கு முன்பே செலவாகி, இனித் திரும்ப வராத பணத்தை உங்கள் சொந்தக் கையிலிருந்து கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அதே சமயம், கேட்கும்போது சரியான கணக்கைக் காட்ட வேண்டும் என்கிறது 213. அவருக்காகப் பெற்ற மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 218.

நீங்கள் அனுப்பியிருக்கும் கணக்கின்படி அவருடைய 13,000 ரூபாயில் ரயிலுக்கு 3,600, ஐதராபாத் விடுதிக்கு 2,800, விசாகப்பட்டினம் விடுதிக்கு 2,400 போயிருக்கிறது. மைசூரில் ஒரு தோழியின் பெரியம்மா வீட்டில் தங்குவதால் அங்கே செலவு இல்லை. மீதி 4,200 ரூபாய் சாப்பாட்டுக்கும் உள்ளூர்ப் பயணத்துக்கும் என்று ஒதுக்கி வைத்தது, இன்னும் செலவாகவில்லை. இந்த 4,200 ரூபாயை நீங்கள் இன்றே அனுப்பிவிட வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ரயில் பணத்தில் பெரும்பகுதி இப்போது திரும்ப வரும். நாள் தள்ளத் தள்ள வராது. ஆறு பேரும் ஒரே பி.என்.ஆரில் இருந்தாலும் ஒருவர் பெயரை மட்டும் ரத்து செய்ய முடியும்; மற்ற ஐவரின் இருக்கைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. உறுதியான டிக்கெட்டை வெகு முன்னதாக ரத்து செய்தால் ஒரு சிறு நிலையான தொகையே பிடிக்கப்படும். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கக் கட்டணத்தில் கால் பங்கு, பிறகு பாதி, கடைசியில் முழுவதும் என்று அது ஏறிக்கொண்டே போகும். மனசு மாறி அவள் வந்தாலும் வருவாள் என்று மற்றவர்கள் காத்திருக்கச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வரமாட்டேன் என்று எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து இழப்பைக் குறைக்க வேண்டிய பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. அதன் பிறகு காத்திருந்ததால் கூடும் பிடித்தத்தை அவர் தலையில் கட்டுவது சட்டப்படியும் நிற்காது, நியாயமும் ஆகாது. அவரிடம் கடைசியாக ஒரு முறை கேட்டுவிட்டு, மூன்று ரயில்களிலும் அவர் பெயரை ரத்து செய்துவிடுங்கள்.

விடுதிதான் சற்றுச் சிக்கலானது. இருவருக்கு ஓர் அறை என்று மூன்று அறைகள் எடுத்திருக்கிறீர்கள். ஒருவர் குறைந்தாலும் மூன்று அறைக்கும் அதே வாடகைதான். ஐதராபாத்தில் கட்டணமின்றி ரத்து செய்ய இன்னும் அவகாசம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அங்கே ஓர் அறையை விட்டுவிட்டு, ஓர் அறையில் கூடுதல் படுக்கை போட்டு மூன்று பேர் தங்க முடியுமா என்று விடுதியிடம் கேளுங்கள். முடிந்தால் மிச்சமாகும் தொகையிலிருந்து அவருடைய 2,800 ரூபாயைக் கொடுத்துவிடலாம். விசாகப்பட்டினத்தில் பணம் திரும்பாத வகையில் பதிவு செய்திருப்பதால் 2,400 ரூபாய், வேறொருவர் அந்த இடத்துக்கு வந்தால் ஒழிய, அவருடைய இழப்புதான்.

அவர் டிக்கெட்டில் சித்தி மகள் வரலாமா?

வரக் கூடாது. பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, பணம் கட்டியாகிவிட்டதே என்று நினைக்கிறீர்கள். ஒருவர் பெயரில் முன்பதிவான ரயில் டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்றுவதை 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 53ஆம் பிரிவு தடை செய்கிறது. சோதனையில் அடையாள அட்டை கேட்டால் உங்கள் சித்தி மகள் டிக்கெட் இல்லாமல் பயணிப்பவராகவே நடத்தப்படுவார். நள்ளிரவில், மொழி தெரியாத ஊரில், அபராதத்துடன் இறங்க வேண்டி வரலாம். விதிவிலக்காகப் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகிய நெருங்கிய குடும்பத்தினருக்கு மட்டும், ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாக முன்பதிவு மையத்தில் எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். விலகிய தோழியின் சொந்தத் தங்கை வர விரும்பினால் இது பொருந்தும். உங்கள் சித்தி மகளுக்குப் பொருந்தாது.

ஆனால் சித்தி மகள் வருவது நல்ல யோசனை. அவருக்குத் தனியாக டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். விடுதி அறைகள் உங்கள் பெயரில் இருக்கின்றன, உள்ளே யார் தங்குகிறார் என்பது அங்கே போய் அடையாள அட்டை கொடுக்கும்போதுதான் பதிவாகும். ஆகவே அறைப் பங்கை அவர் ஏற்கலாம். அப்படி ஏற்றால் விலகியவருக்கு இரண்டு விடுதிகளுக்கும் கொடுத்த 5,200 ரூபாயும் முழுமையாகத் திரும்பிவிடும்; ரயிலில் பிடித்த சிறு தொகை மட்டுமே அவர் இழப்பு. ஒரே இடத்துக்கு இருவரிடம் பணம் வாங்கி வைத்துக்கொள்ள மட்டும் கூடாது.

நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்றும் அண்ணன் சொன்னாராம். கட்டணம் வாங்காமல் செய்த உதவி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை ஆகாது. உங்கள் மீது அங்கே புகார் நிற்காது. விடுதி தான் ஒப்புக்கொண்ட தொகையைத் திருப்பித் தர மறுத்தால் நீங்கள்தான் அங்கே போகலாம், அதற்கு ஐதராபாத்துக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

அந்த ஓன் போர்டு கார்

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது என்பதால் எங்கே போவதென்றாலும் முதலில் கார் பேசுவதுதான் நமக்குப் பழக்கம். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதை வாடகைக்கு விட அனுமதி இல்லை. ஓட்டுநருடன் வாடகைக்கு வரும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து; நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடப்படும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. அனுமதியின்றி வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். 207ஆம் பிரிவின்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம். மாநில எல்லையில் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டால் ஐந்து பெண்கள் பெட்டிகளோடு சாலையோரத்தில் நிற்க வேண்டியதுதான்.

அபராதத்தைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. காப்பீடுதான் முக்கியம். அந்தக் காரின் பாலிசியை வாங்கிப் பாருங்கள். எந்த நோக்கத்துக்கு வண்டியைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பகுதியில், வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்துவது இந்தப் பாலிசியில் அடங்காது என்று எழுதியிருக்கும். விபத்து நேர்ந்து காருக்குச் சேதம் ஏற்பட்டால் நிறுவனம் பணம் தர மறுக்கும். உரிமையாளர் அந்தச் செலவை உங்களிடம்தான் கேட்பார். எதிரே வந்தவருக்கு அடிபட்டால், நீதிமன்ற உத்தரவுப்படி நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, நிபந்தனை மீறப்பட்டது என்று உரிமையாளரிடம் வசூலிக்கலாம். வழக்கில், காரை ஓட்டிய உங்கள் தோழியின் பெயரும் இருக்கும். உள்ளே இருந்த உங்களுக்கே அடிபட்டால் என்ன ஆகும்? மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள காரில் பயணிகளுக்குப் பாதுகாப்பே இல்லை. முழுமையான பாலிசியாக இருந்தாலும் வாடகை என்று தெரிந்தால் நிறுவனம் சண்டை போடும். பாலிசியுடன் வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கு உரியது. உங்கள் தோழிக்கு அன்று.

மாமா வண்டி என்று சொல்லிவிடலாம் என்கிறீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளர் முதலில் கேட்பது உங்கள் கைபேசியைத்தான். உரிமையாளருக்கு 7,500 ரூபாய் அனுப்பும் ஜிபே பதிவு, அதன் கீழே “கார் 3 நாள்” என்று நீங்களே தட்டச்சு செய்யும் குறிப்பு, குழுவில் “வாடகை ஆளுக்கு 1,250” என்று போட்ட செய்தி ஆகிய மூன்றும் போதும். உண்மையான மாமா, பணம் எதுவும் வாங்காமல், தம் காரைத் தந்தால் அது வேறு விஷயம், அதில் தவறில்லை. அப்போதும் பாலிசி நடப்பில் இருக்கிறதா, அது முழுமையானதா என்று பார்த்துவிட்டே எடுங்கள்.

ஓட்டப் போகும் தோழி இதுவரை ஊருக்குள் மட்டுமே ஓட்டியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கனரக லாரிகள் இடைவிடாமல் ஓடும் ஓசூர்ச் சாலையிலும், அதன் பிறகு மைசூரு விரைவுச் சாலையிலும் அவர் முதல் நெடும் பயணத்தைத் தொடங்க வேண்டாம் என்று ஒரு மூத்தவளாகவும் சொல்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு இரவும் பகலும் பேருந்து இருக்கிறது. அங்கிருந்து மைசூருக்கு ரயிலும் பேருந்தும் தாராளமாக உண்டு. நீங்கள் ஒதுக்கிய 7,500 ரூபாயைவிடக் குறைவாகவே ஆகும். கார்தான் வேண்டும் என்றால் கர்நாடகத்துக்குள் செல்ல அனுமதியுள்ள மஞ்சள் பலகை வண்டியை ஓட்டுநருடன் பேசுங்கள். இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்கிறீர்கள். அந்த உரிமையாளரிடம் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தோழிக்கு எப்படி எழுதுவது?

அண்ணனிடம் தொலைபேசியில் வாதாட வேண்டாம். தோழிக்கு, குழுவில் அல்லாமல் தனியாக, எழுத்தில் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்: “உன் பங்கு 13,000. செலவாகாத 4,200 இன்று அனுப்பிவிட்டேன். மூன்று ரயிலிலும் உன் பெயரை ரத்து செய்திருக்கிறேன்; பிடித்தம் போக வரும் பணத்தை வந்த அன்றே அனுப்புகிறேன், ரசீதையும் சேர்த்து அனுப்புகிறேன். ஐதராபாத் அறைக்குக் கேட்டிருக்கிறேன். விசாகப்பட்டினம் அறைக்கு வேறு ஆள் வந்தால் அந்த 2,400-ம் உனக்குத்தான். வராவிட்டால் அது திரும்பாது.” பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சல்களையும் கட்டண ரசீதுகளையும் இதனுடன் இணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால், வழக்கு தொடுப்பதற்கு முன்பே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துக்கொள்ள இரு தரப்புக்கும் வழி உண்டு.

நிச்சயமான வீட்டில், அண்ணனும் மாப்பிள்ளை வீட்டாரும் சூழ்ந்திருக்கும் நேரத்தில், உங்கள் தோழி தம் மனத்தில் இருப்பதையே பேசுகிறாரா என்பது எனக்குத் தெரியவில்லை. கணக்கை அனுப்பிய பின், பணத்தைப் பற்றி எதுவும் பேசாமல் ஒரு முறை அவரை அழைத்து வாழ்த்துச் சொல்லுங்கள். பணத்தை மட்டும், அண்ணன் தம் எண்ணுக்கு அனுப்பச் சொன்னாலும், எந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு வந்ததோ அதே கணக்குக்கே அனுப்புங்கள். அது அவர் சம்பாதித்த பணம்; அவர் கையிலேயே போய்ச் சேர வேண்டும்.